இந்த மீன் ஒரிஜினலா, கிராஸா?



எடப்பாடியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவன் அருமையான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறான். அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று இருக்கிறது. விற்ற கடைக்காரர், "இது ஒரிஜினல் ஆப்பிரிக்கா மீன் தம்பி" என்றாராம். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "அட போடா, இது கிராஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். மீன் ஒன்று, பதில் இரண்டு. "எது சரி மாமா? நானே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்கிறான்.

சபாஷ் கண்ணு! கடைக்காரர் சொன்னதையும் அப்படியே நம்பவில்லை. அண்ணன் சொன்னதையும் அப்படியே நம்பவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பதில் சொல்ல எனக்குக் கசக்குமா? வா, உட்கார். கதை கொஞ்சம் நீளம். நடுநடுவே நிறுத்தி, புரிகிறதா என்று கேட்பேன். புரியாவிட்டால் திரும்ப ஒரு முறை படி. வெட்கமே வேண்டாம்.

உன் மஞ்சள் மீன் 'சிக்லிட்' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் புதிதாக இருக்கிறதா? அந்தக் குடும்பத்து ஆள் ஒருவரை உனக்கு நன்றாகத் தெரியும். நீ அவரைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டே இருப்பாய்! மேட்டூரிலும் பூலாம்பட்டியிலும் மீன் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, ஜிலேபி மீன், அதுவும் சிக்லிட்தான்.

நம்பவில்லையா? சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை வீட்டில் ஜிலேபி வாங்கினால், அம்மா செதில் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு மீனைக் கேட்டு வாங்கு. முதுகு முள் குத்தும், ஜாக்கிரதை. முகத்தில் மூக்குத் துளையை எண்ணு. ரோகு, கட்லா போன்ற மீன்களுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு துளை இருக்கும். ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். அடுத்து உடம்பின் பக்கவாட்டைப் பார். செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவை மீன் உணர்வது அந்தக் கோட்டினால்தான். ரோகுவில் அது ஒரே கோடு. ஜிலேபியில் அது பாதி வழியில் நின்றுவிடும். பிறகு கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி தொடங்கி, வால் வரை போகும்.

ஒற்றை மூக்குத் துளை, அறுந்த கோடு. இந்த இரண்டும் இருந்தால் உன் கையில் இருப்பது சிக்லிட் குடும்பத்து மீன் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். உன் மஞ்சள் மீனிடமும் போய்ப் பார். இரண்டும் இருக்கும்.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிக்லிட் இனங்கள் 1,700 இருக்கும். பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவின் சொந்தச் சிக்லிட்கள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று கேரளத்துக்காரர்கள் உயிரை விடும் கரிமீன். 2010இல் அதைத் தங்கள் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். நம் ஜிலேபி அந்த மூன்றில் சேராது. அது வந்தேறி. அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். ஒரிஜினல் என்றால் என்ன? கிராஸ் என்றால் என்ன?

ஒரே இனத்து அப்பா, ஒரே இனத்து அம்மா. அவர்களுக்கும் அப்படியே அப்பா அம்மா. இப்படியே மேலே போய், கடைசியில் காட்டு ஏரியிலோ ஆற்றிலோ பிடித்த மீன் வரை போனால் அது ஒரிஜினல். நடுவில் எங்காவது வேறு இனத்து மீன் ஒன்று புகுந்துவிட்டால் கிராஸ். இவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கடையில் ஆஸ்கார் மீன் பார்த்திருப்பாய். கறுப்பில் ஆரஞ்சு கலந்தது ஒன்று, வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக ஒன்று. அந்த வெள்ளை ஆஸ்காரைக் காட்டி, "நிறம் மாறியிருக்கிறது, கிராஸ்தான்" என்பார்கள் சிலர். தப்பு. அது நிறமி இல்லாமல் பிறந்த ஆஸ்கார். அப்பாவும் ஆஸ்கார், அம்மாவும் ஆஸ்கார். இது ரகம். இனம் மாறவில்லை. நிறம் மாறினால் உடனே கிராஸ் என்று கத்தக் கூடாது. புரிகிறதா கண்ணு? நல்லது, மேலே போவோம்.

முதலில் சுலபமான மீன்களை முடித்துவிடலாம். சில மீன்களைப் பார்த்ததுமே கிராஸ் என்று அடித்துச் சொல்லலாம். ஏனென்றால் அப்படி ஒரு மீன் உலகத்தில் எந்த ஆற்றிலும் இயற்கையாக இருந்ததே கிடையாது.

தலையில் பெரிய புடைப்போடு, சிவப்பு உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு, தொட்டிக்கு ஒன்றாகத் தனியாக நீந்துமே, பிளவர்ஹார்ன், அது அப்படிப்பட்டது. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் இனங்கள் பலவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, 1990களின் கடைசியில் மலேசியாவிலும் தைவானிலும் உருவாக்கினார்கள். எதோடு எதைச் சேர்த்தோம் என்ற முழுக் கணக்கை வளர்த்தவர்கள் வெளியே விடவில்லை. தொழில் ரகசியம்! காம்பா, தாய் சில்க், சூப்பர் ரெட் டிராகன் என்று எத்தனை பெயர் சொல்லி விற்றாலும் எல்லாம் மனிதன் கலந்தவைதான். அதனால் "ஒரிஜினல் பிளவர்ஹார்ன்" என்று யாராவது சொன்னால் நீ மரியாதையாகச் சிரித்துக்கொள்ளலாம். வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்றும் இந்த மீனைப் பற்றிச் சொல்வார்கள். விலையைக் கேட்டால் பணம் எந்தப் பக்கம் கொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் 'பேரட்' என்று விற்கும் உருண்டையான ஆரஞ்சு மீன். இதுவும் தைவானில் 1980களில் உருவாக்கியது. அதன் வாயைக் கவனித்துப் பார். முழுதாக மூடவே மூடாது. பாவம், தீனியை வாயால் கடிக்க முடியாமல் தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடையால் அரைத்துத் தின்னும். ஆமாம், சிக்லிட்களுக்குத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது! பேரட் பெண் மீன் முட்டை போடும். ஆனால் ஆண் மீன்கள் பெரும்பாலும் மலடு. முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்த இடத்தில் நீ கை தூக்குவாய் என்று எனக்குத் தெரியும். "மாமா, அப்போ குஞ்சு பொரித்தால் ஒரிஜினல், பொரிக்காவிட்டால் கிராஸ் என்று வைத்துக்கொள்ளலாமா? குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாது என்று படித்திருக்கிறோமே?"

நல்ல யோசனைதான். ஆனால் உன் மஞ்சள் மீனின் ஊர்க்காரர்களிடம் இது செல்லாது. ஏன் என்று பார்ப்போம். கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு ஏரி. நம் மேட்டூர் அணையை அதன் ஒரு மூலையில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரே ஏரியில் 500க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. வேறு எங்கும் இல்லாத இனங்கள். விக்டோரியா என்று இன்னொரு ஏரி. அதிலும் ஏறக்குறைய 500 இனங்கள் இருந்தன. அந்த ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டுபோய், மறுபடி நிரம்பியது. அதற்குப் பிறகு அத்தனை இனங்களும் பிரிந்து வளர்ந்திருக்கின்றன. உயிரினங்களின் கணக்கில் 15,000 ஆண்டு என்பது நேற்று ராத்திரி மாதிரி.

அவ்வளவு அண்மையில் பிரிந்தவை என்பதால் அவற்றின் உடம்புக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். அப்படியானால் ஏரியில் ஏன் எல்லாம் கலந்து ஒரே மீனாகிவிடவில்லை? கொஞ்சம் யோசி. படிப்பதை நிறுத்திவிட்டே யோசி.

யோசித்தாயா? விடை பெண் மீனிடம் இருக்கிறது. பெண் மீன் தன் இனத்து ஆணின் நிறத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேரும். விக்டோரியா ஏரியில் நெருங்கிய சொந்தமான இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் ஆண் நீலம், மற்றதில் ஆண் சிவப்பு. நீல இனத்துப் பெண் சிவப்பு ஆணைத் திரும்பிப் பார்க்காது. சிவப்பு இனத்துப் பெண்ணும் அப்படித்தான்.

ஓலே சீஹௌசன் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்தார்கள். ஆய்வகத் தொட்டியில் சாதாரண வெள்ளை விளக்கைப் போட்டார்கள். பெண் மீன்கள் சரியாகத் தங்கள் இனத்து ஆணையே தேர்ந்தெடுத்தன. பிறகு விளக்கை மாற்றி, ஆரஞ்சு நிற வெளிச்சம் மட்டும் விழும்படி செய்தார்கள். அந்த வெளிச்சத்தில் நீலமும் சிவப்பும் ஒன்று போலத் தெரியும். பெண் மீன்களுக்கு யார் யாரென்று தெரியவில்லை. எந்த ஆணோடும் சேர்ந்தன!

ஆய்வகத்தில் விளக்கை மாற்றியவர்கள் விஞ்ஞானிகள். ஏரியில் விளக்கை மாற்றியது யார்? மனிதர்கள்தான். கரையில் காடு அழிந்தது. வயலின் உரமும் ஊரின் கழிவும் ஏரிக்குள் போயின. பாசி பெருகித் தண்ணீர் கலங்கியது. கலங்கல் தண்ணீரில் நிறம் தெரியாது. அப்படிக் கலங்கிய இடங்களில் மீன்களின் நிறமே மங்கிப்போய், இனங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருப்பதைக் கண்டு, 1997இல் 'சயின்ஸ்' என்ற ஆய்விதழில் எழுதினார்கள். மீனைக் கொல்லாமலேயே, வெறும் தண்ணீரைக் கலக்கியே ஓர் இனத்தை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று அதுவரை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

இப்போது உன் வீட்டுத் தொட்டிக்கு வா. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டியில் ஐந்தாறு இனத்து மீன்களைக் கலந்து போட்டிருக்கிறோம். ஒரு பெண் மீன் இருக்கிறது, அதன் இனத்து ஆண் அங்கே இல்லை. முட்டை போடும் பருவம் வந்துவிட்டது. அது என்ன செய்யும்? இருக்கிற ஆணோடு சேரும். ஏரியில் ஒருபோதும் நடக்காத கல்யாணம் தொட்டியில் நடந்துவிடும்.

உன் மஞ்சள் மீனைக் கடைகளில் 'யெல்லோ லேப்' என்பார்கள். மலாவி ஏரிக்காரர். தொட்டியில் அது அடிக்கடி சேர்வது 'ரெட் ஜீப்ரா' என்ற இன்னொரு மலாவி மீனோடு. அப்படிப் பிறந்த குஞ்சும் மஞ்சளாகத்தான் இருக்கும். அதையும் யெல்லோ லேப் என்றே விற்றுவிடுகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று எல்லாரும் செய்வதில்லை. விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே விற்பவர்களும் உண்டு, அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

சரி, என்ன பார்க்க வேண்டும்? ஒரிஜினல் யெல்லோ லேபின் மஞ்சள், எலுமிச்சை மஞ்சள். முதுகுத் துடுப்பின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தெளிவாக, முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். முகம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். பாறை இடுக்கில் இருக்கும் சிறு பூச்சிகளைக் கொத்தி எடுக்க அந்த முகம் அதற்குத் தேவை. ரெட் ஜீப்ராவுக்குப் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டும் வேலை. அதன் முகம் மொட்டையாக இருக்கும்.

உன் மீனில் மஞ்சள், ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறதா? முதுகுத் துடுப்பின் கறுப்புப் பட்டை மங்கியோ அறுந்தோ இருக்கிறதா? நெற்றி செங்குத்தாக இறங்குகிறதா? உடம்பில் மேலிருந்து கீழாக அழுக்குக் கோடுகள் தெரிகின்றனவா? இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து இருந்தால் பக்கத்து வீட்டு அண்ணன் பக்கம் கொஞ்சம் சாயலாம்.

ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்படாதே. தொட்டியில் ராஜாவாக இருக்கும் ஆண் யெல்லோ லேப், ஒரிஜினலாகவே இருந்தாலும், முகம் கொஞ்சம் கறுத்துக் காட்டும். பயந்த மீனின் நிறம் வெளுக்கும். நிறத்தைக் கூட்டும் தீனி போட்டால் மஞ்சள் ஆரஞ்சாகும். நிறம் பெரிய நடிகன், கண்ணு. துடுப்பு, முகம், பல் ஆகியவற்றின் அமைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் மீனைப் பார்க்கும்போது முதலில் வடிவத்தைப் பார். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலாவியின் 'பீக்காக்' மீன்களில் இன்னும் பெரிய தலைவலி. ஆண் மீன்கள் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். பெண் மீன்களோ எல்லா இனத்திலும் ஒரே சாம்பல் நிறம். நாலு இனத்துப் பெண்களை ஒரு தொட்டியில் கலந்துவிட்டால் பெரிய நிபுணரே வந்தாலும் பிரிக்க முடியாமல் தலையைச் சொறிவார். அதனால்தான் நல்ல வளர்ப்பாளர்கள் ஒரு தொட்டியில் ஒரு பீக்காக் இனம் மட்டும் வைப்பார்கள். புள்ளி புள்ளியாக, திட்டுத் திட்டாக நிறம் தெளித்த 'ஓபி பீக்காக்' என்று ஒன்று விற்கிறார்கள். அது பிளவர்ஹார்ன் சாதி. ஏரியில் கிடையாது, மனிதன் கலந்தது.

இதுவரை வந்துவிட்டாயா? தண்ணீர் குடித்துவிட்டு வா.

பார்வையால் முடியவில்லை என்றால் வேறு வழி உண்டா? ஒன்று உண்டு. பொறுமை வேண்டும். குஞ்சுகளைப் பார்ப்பது.

சேலத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நல்ல மல்கோவா ஒன்று தின்கிறாய். கொட்டையை நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாய். மரம் வளர்ந்து காய்க்கிறது. அதே மல்கோவாவா? பெரும்பாலும் இருக்காது. நாலு கொட்டை நட்டால் நாலு மரமும் நாலு ருசி. அந்தப் பூவுக்கு எந்த மரத்து மகரந்தம் வந்ததோ, மல்கோவாவின் முன்னோர்களிடமிருந்து எந்தக் குணம் எந்தக் கொட்டைக்குள் போனதோ! அதனால்தான் தாத்தா ஒட்டுக் கன்று வாங்கி நடுகிறார்.

கிராஸ் மீனின் வயிற்றுக்குள்ளும் இதே குலுக்கல் நடக்கிறது. இரண்டு ஒரிஜினல் யெல்லோ லேப்களின் குஞ்சுகள் ஒன்று போலவே இருக்கும். இரண்டு கிராஸ் மீன்களைச் சேர்த்தால் குஞ்சுகள் ஆளுக்கொரு விதமாக வரும். பிளவர்ஹார்ன் வளர்ப்பவர்களைக் கேட்டுப்பார். நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். அதில் நல்ல தலைப் புடைப்பும் நிறமும் வருவது கொஞ்சம்தான். மற்றவை சாயம் போன மாதிரி நிற்கும்.

ஆனால் கவனி. முதல் தலைமுறையில் இந்தச் சோதனை உன்னை ஏமாற்றும். ஒரிஜினல் லேபும் ஒரிஜினல் ஜீப்ராவும் சேர்ந்து பெற்ற முதல் குஞ்சுகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அப்பா வழியில் பாதி, அம்மா வழியில் பாதி. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேரும்போதுதான் குலுக்கல் தொடங்கும். பேரன் பேத்திகளிடம்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது கணக்கு நோட்டை எடு. ஒரு மீனுக்குப் பாதி ஜீப்ரா ரத்தம். அதாவது 1/2. அது ஒரிஜினல் லேபோடு சேர்கிறது. குஞ்சுக்கு 1/4. அந்தக் குஞ்சும் ஒரிஜினல் லேபோடு சேர்ந்தால்? சரி, 1/8. அடுத்தது 1/16. அதற்கடுத்தது 1/32. அந்தக் கடைசி மீனை என் கையில் கொடுத்தால் நானும் ஒரிஜினல் என்றுதான் சொல்வேன். கறுப்புப் பட்டை இருக்கும், கூர் முகம் இருக்கும், எல்லாம் இருக்கும். ஆனால் உள்ளே 32இல் ஒரு பங்கு ஜீப்ரா ஒளிந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது பார். ஒரு மீனைப் பார்த்து "இது கிராஸ்" என்று சில நேரம் உறுதியாகச் சொல்லலாம். "இது ஒரிஜினல்" என்று வெறும் பார்வையால் ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியாது. "கிராஸ் என்று சொல்ல எனக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை" என்றுதான் சொல்ல முடியும். இரண்டும் ஒன்றா? இல்லையே! இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் நீ பாதி விஞ்ஞானி ஆகிவிட்டாய்.

"டி.என்.ஏ. சோதனை செய்தால்?" என்று கேட்கிறாயா? டி.வி. பார்க்கிற பிள்ளை, கேட்காமல் இருப்பாயா!

செய்யலாம். துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி எடுத்தால் போதும், மீனுக்கு மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் எந்த டி.என்.ஏ. என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பொடிப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அதை மட்டும் சோதித்தால் என்ன ஆகும்? அம்மா லேப், அப்பா ஜீப்ரா என்றால், சோதனை "லேப்" என்றுதான் சொல்லும். அப்பாவைப் பற்றி வாயே திறக்காது. அதனால் செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும். அது இருவரிடமிருந்தும் வருவது.

இன்னொன்றும் வேண்டும். ஒப்பிடுவதற்கு, ஏரியிலேயே பிடித்த நிச்சயமான மீனின் டி.என்.ஏ. அது இல்லாவிட்டால் எதோடு சரி பார்ப்பது? நம் நாட்டு மீன்களுக்கு இப்படிப்பட்ட டி.என்.ஏ. அடையாளங்களைச் சேர்த்து வைக்கும் வேலையை லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் செய்கிறது. ஆனால் நூறு ரூபாய் மீனுக்கு யார் இவ்வளவு செலவு செய்வார்கள்?

அதனால் மீன் வளர்ப்பில் பழுத்தவர்கள் நம்புவது வேறு ஒன்றை. வம்சக் கணக்கு. அப்பா அம்மாவை எங்கே வாங்கினார்கள், அவை தனித் தொட்டியில் இருந்தனவா, பல இனம் கலந்த தொட்டியில் இருந்தனவா, மலாவி ஏரியில் எந்தக் கரையில் பிடித்த மீனின் வழி வந்தவை என்று எழுதி வைத்திருப்பார்கள். கரை எதற்கு என்கிறாயா? மலாவியில் ஒரே இனம்கூட ஒரு பாறைத் திட்டில் ஒரு நிறம், பத்து மைல் தள்ளி இன்னொரு நிறம் என்று இருக்கும். இரண்டையும் கலந்தால் இனக் கலப்பு ஆகாது. ஆனால் அந்தக் கரைக்கே உரிய அழகு போய்விடும்.

ஆக, கடைக்காரர் மாமாவிடம் போய், "இது ஒரிஜினலா?" என்று கேட்காதே. "ஆமாம்" என்றுதான் சொல்வார். "இதன் அப்பா அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பண்ணையிலிருந்து வந்தது? அங்கே லேபைத் தனியாக வைத்திருந்தார்களா?" என்று கேள். "சென்னை கொளத்தூரிலிருந்து பையில் வந்தது தம்பி, அதற்கு மேல் தெரியாது" என்று சொன்னால் அவர் நேர்மையான மனிதர். அவரிடமே தீனி வாங்கு.

எடப்பாடித் தம்பிக்கு என் பதில் இதுதான். உன் மீனின் அப்பா அம்மா யாரென்று யாருக்கும் தெரியாது என்றால், உன் நோட்டில் "யெல்லோ லேப் போன்றது, வம்சம் தெரியாது" என்று எழுது. அண்ணன் அடையாளம் எதையும் காட்டாமல் கிராஸ் என்றார். கடைக்காரர் கணக்கு எதையும் காட்டாமல் ஒரிஜினல் என்றார். உன் வரிதான் இருவர் சொன்னதையும் விடச் சரியானது. அந்த மீனை ஆசையாக வளர். கிராஸ் என்றால் மட்டமான மீன் என்று பொருள் இல்லை. அதற்கும் பசிக்கும், உன்னைக் கண்டால் கண்ணாடியோரம் ஓடி வரும். அதன் குஞ்சுகளை மட்டும் "ஒரிஜினல் லேப்" என்று யாருக்கும் கொடுத்துவிடாதே. காவிரியிலோ ஏரியிலோ விட்டுவிடவும் கூடாது.

இதற்கு ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், விக்டோரியா ஏரியைத்தான் மறுபடி காட்டுவேன். அங்கே 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகி, சிறிய சிக்லிட்களைத் தின்று தீர்த்தது. ஏராளமான இனங்கள் காணாமல் போயின. சில இனங்கள் இன்று மீன் காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் தொட்டிகளிலும் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. அந்தத் தொட்டியில் ஒரு முறை கலப்பு நடந்துவிட்டால், திரும்பப் போய்ப் பிடித்து வர ஏரியில் மீன் இல்லை.

இதே விக்டோரியாவில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வட்டாரத்து ஏரிகளின் சிக்லிட் கூட்டம் முழுவதுக்கும் மூதாதையர் யார் என்று டி.என்.ஏ. வழியாகத் தேடினார்கள். வந்த விடை என்ன தெரியுமா? சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன், காங்கோ ஆற்றுப் பக்கத்து மீன்களும் நைல் ஆற்றுப் பக்கத்து மீன்களும் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பில் பிறந்த கூட்டத்திலிருந்துதான் நாம் இன்று ஒரிஜினல் என்று போற்றும் அத்தனை இனங்களும் பிரிந்தன!

சரி, ஜிலேபி கதை பாக்கி இருக்கிறது.

நம் ஊர் ஜிலேபியின் சொந்த ஊர், ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகள். அதை மொசாம்பிக் ஜிலேபி என்று சொல்லலாம். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் எந்தக் குளத்தில் விட்டாலும் பெருகிவிடும். பிறகு நைல் ஜிலேபி என்ற இன்னொரு இனமும் இந்தியாவுக்கு வந்தது. பெரிதாக வளரும். 'கிஃப்ட்' ஜிலேபி என்று பண்ணைகளில் வளர்க்கிறார்களே, அது நைல் ஜிலேபியில் நன்றாக வளர்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரகம். நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில்கூட அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறார்கள்.

மொசாம்பிக்கும் நைலும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் கலந்துவிடும். ஆப்பிரிக்காவில் அப்படித்தான் ஆகிவிட்டது. லிம்போபோ ஆற்றில் நைல் ஜிலேபி புகுந்து கலந்ததால், நம் ஊரில் சீண்டுவாரில்லாமல் பெருகிக் கிடக்கும் மொசாம்பிக் ஜிலேபி, தன் பிறந்த மண்ணில் அழியும் அபாயம் உள்ள மீன்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் அடையாளம் உண்டு. வாலை விரித்துப் பார். நைல் ஜிலேபியின் வால் துடுப்பில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வால் முழுக்க இருக்கும். மொசாம்பிக் ஜிலேபியின் வாலில் அந்தக் கோடுகள் இருக்காது. பருவத்துக்கு வந்த ஆண் என்றால் உடம்பு கறுத்து, தொண்டை வெளுத்து, வால் ஓரம் சிவந்திருக்கும். இரண்டும் கலந்த மீனில் கோடு பாதியில் நிற்கலாம், அறுந்து அறுந்து தெரியலாம், மங்கலாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மீன் வாங்கப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போ. மூன்று கட்டம் போடு. கோடு முழுதாக உள்ளவை, கோடு இல்லாதவை, இரண்டுங்கெட்டான். மீன்காரரிடம் கேட்டுவிட்டு இருபது வாலாவது பார். அந்தக் கடைசிக் கட்டத்தில் விழும் மீன்களின் வாலை எனக்குப் படம் வரைந்து அனுப்பு. படத்துக்குக் கீழே அந்த மீன் எங்கே பிடித்தது என்று கேட்டு எழுது. மேட்டூர் அணையா, பூலாம்பட்டிக் கதவணையா, ஏதாவது ஏரியா, பண்ணைக் குட்டையா? அதை எழுத மறந்துவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.